துரு காத்த கதவு

“விடை தெரிஞ்சவளைத்தான் முதல்ல விசாரிக்கணும்” என்று வார்டன் அக்கா ஒருநாள் எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டிச் சொன்னார். அவர் அப்படிச் சொல்லக் காரணமாக இருந்த தாழ்ப்பாள் இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு சாண் நீளமுள்ள இரும்புக் கம்பி, அது ஏறி இறங்க இரண்டு வளையங்கள், பிடித்துத் தள்ள ஒரு குமிழ். பச்சைப் பெயின்ட் பாதி உரிந்துவிட்டது. உரிந்த இடமெல்லாம் துருவும் எண்ணெயும் சேர்ந்து கறுத்திருக்கிறது. நிமிர்த்திப் பிடித்து லேசாகத் தட்டினால் கம்பி வழுக்கி இறங்கும். கையில் வைத்துக்கொண்டு பலமுறை அப்படி இறக்கிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது கதவில் இருந்தபோது, ஒரு பெண்ணின் வேலையும் நல்ல பெயரும் அது தானாக விழுமா விழாதா என்பதில் தொங்கிக்கொண்டிருந்தபோது, அது விழுந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்க என்னை விடவில்லை.

நான் தங்கியிருந்த பெண்கள் விடுதி மூக்கண்டப்பள்ளியில், தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருந்தது. செல்போன் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனி அந்த மூன்று மாடிக் கட்டடத்தை எடுத்து வெளியூர்ப் பெண்களைத் தங்கவைத்திருந்தது. அறைக்கு ஆறு பேர், இரண்டடுக்குக் கட்டில்கள். நான் கீழ்க்கட்டில். எனக்கு மேலே படுத்திருந்தவள் அஞ்செட்டிக்கும் அப்பால் காட்டோரத்து ஊரிலிருந்து வந்தவள். அவளை நான் மேல்கட்டில்காரி என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு நான் கீழ்க்கட்டில்காரி. அவள் அப்பா அவளை வேலைக்கு அனுப்பியபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அவளைப் பற்றி ஒரு பேச்சு வந்தாலும், அது பொய்யாகவே இருந்தாலும், அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். ஊரில் அவளுக்காக ஒரு மாமன் மகனும் அவன் வீட்டு மாடுகளும் காத்திருந்தன. அவளுக்கு மாடுகள்மேல் வெறுப்பில்லை. மாமன் மகனைப் பற்றி அவள் பேசியதில்லை.

நான் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமம். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கிய வீடு எங்களுடையது. அந்த வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். அதுவும் ப்ளஸ் டூவில் அறிவியல் பிரிவு. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும் என்று எனக்குத் தெரியும். உயரட்டும். என் அம்மா மாங்காய்த் தோப்பில் கூடை தூக்கிய காலத்தில் அவருடைய குரலை யாரும் உயர விட்டதில்லை.

வார்டன் அக்காவுக்குச் சொந்த ஊர் பாகலூர்ப் பக்கம். வீட்டுக்குப் போன் பேசும்போது தெலுங்கு, காய்கறி வண்டிக்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். நாற்பது வயதைத் தாண்டியவர். நடக்கும்போது செருப்புச் சத்தம் கேட்காது. சாயங்கால அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டுக் குரலைக் கேட்க மாட்டார், முகத்தைப் பார்ப்பார். அது முடிந்ததும் மெஸ் ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு புதிர் போடுவார். பொழுதுபோக்குக்காகத்தான் என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். எனக்கு ஆரம்பத்திலிருந்தே அதில் சந்தேகம் இருந்தது. பிறகு அவரே ஒருநாள் சொன்னார்: டக்கென்று பதில் சொல்கிறவள் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறாள், முன்கூட்டியே யோசித்து வைக்கிறவள் எதையோ மறைக்கிறாள். புதிர் அவருக்கு ஆள் அளக்கும் கோல்.

நான் முதன்முதலில் அகப்பட்டது ஒரு பலூனில். கண்ணாடி எல்லாம் மூடிய கம்பெனி பஸ் வேகமாகப் போகிறது, டிரைவர் பிரேக் போடுகிறார், உள்ளே இருக்கும் ஆட்களும் டிபன் பாக்ஸ்களும் முன்பக்கம் சாய, ஒன்றே ஒன்று மட்டும் பின்பக்கம் போகிறது, அது என்ன என்று கேட்டார். கடைசி சீட்டில் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் என்றாள் ஒருத்தி. நான், தேர்த் திருவிழாவில் குழந்தைக்கு வாங்கிய கேஸ் பலூன் என்றேன். பஸ்ஸுக்குள் இருக்கும் காற்றுக்கும் எடை உண்டு. பிரேக் போட்டதும் நம்மைப் போலவே அதுவும் முன்னால் பாயும். பாய்ந்த காற்று தன்னைவிட லேசான பலூனைப் பின்னால் ஒதுக்கிவிடும். அக்கா என்னை நிதானமாகப் பார்த்தார். பிறகு என் போனை வாங்கி, அதில் என்ன தேடினேன் என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எதுவும் இல்லை. “அழிச்சிட்டியா?” என்றார். மறுநாளிலிருந்து புதிர் போடுவதற்கு முன் எல்லோருடைய போனும் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் போய்விடும்.

அதன் பிறகு அவருடைய புதிர்கள் என்னைக் குறிவைத்தே வந்தன. ஒருநாள் ஒன்றுக்குள் ஒன்றாக மாட்டிக்கொண்ட இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கொண்டுவந்து, இழுக்கக் கூடாது, தட்டக் கூடாது, எண்ணெய் விடக் கூடாது, பிரித்துக் கொடு என்றார். உள் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினேன். உள்ளே இருப்பது சுருங்கியது, வெளியே இருப்பது விரிந்தது, இரண்டும் சண்டை தீர்ந்த மாதிரி விலகிக்கொண்டன. எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா அந்த டம்ளர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நான் ஏதோ செய்து வைத்திருப்பேன் என்பதுபோல.

பதிலுக்கு நானும் ஒன்று போட்டேன். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் வாங்கும்போது தொளதொளவென்று இருந்த சிப்ஸ் பாக்கெட், யாரும் தொடாமலேயே ஓசூரில் இறங்கும்போது உப்பியிருந்தது; ஏன்? கடைக்காரன் பழசைத் தலையில் கட்டிவிட்டான், உள்ளே கெட்டுப் புளித்துவிட்டது என்றார் அக்கா. ஓசூர் மேட்டில் இருக்கிறது, ஏற ஏற வெளியே அழுத்தும் காற்று குறைகிறது, உள்ளே அடைபட்ட காற்று கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறது என்றேன். அவர் பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்து, ஒன்றைக் கடித்துப் பார்த்து, முழுவதையும் தின்று முடித்துவிட்டு, “கெடலைதான்” என்று மட்டும் ஒப்புக்கொண்டார். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. எது நடந்தாலும் அவர் முதலில் கேட்பது, யார்? நான் கேட்பது, எதனால்? எங்கள் வீட்டில் யார் என்ற கேள்விக்கு எப்போதும் எங்கள் பெயரே விடையாக வந்திருக்கிறது. தோட்டத்தில் மாங்காய் குறைந்தால் யார், கிணற்று மோட்டார் கெட்டால் யார். அதனால் அந்தக் கேள்வி கேட்கப்படும் இடத்திலெல்லாம் எனக்கு உடம்பு விறைத்துக்கொள்ளும்.

அக்காவின் பக்கமும் ஒரு காரணம் இருந்தது. முன்பு அவர் வேலை பார்த்த விடுதியிலிருந்து ஒரு பெண் சொல்லாமல் போய்விட்டாள். தேடி வந்த அப்பா, கேட்டில் நின்றிருந்த அக்காவைக் கை நீட்டி அடித்துவிட்டார். இதை அவர் சொன்னதில்லை, சமையல் செய்யும் அக்கா சொன்னது. அதற்குப் பிறகுதான் அவர் செருப்புச் சத்தம் இல்லாமல் நடக்கப் பழகியிருக்க வேண்டும். ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும் உடனே வீட்டுக்குப் போன் போட்டுவிடுவதும் அதற்குப் பிறகுதான். முதலில் தான் சொல்லிவிட்டால் தன்மேல் கை விழாது.

விடுதியின் மொட்டை மாடிக்கு ஓர் இரும்புத் தகட்டுக் கதவு இருந்தது. துணி காயப்போடப் பகலில் தாழ் போடாமல் வெறுமனே சாத்தியிருக்கும், அட்டெண்டன்ஸ் முடிந்ததும் அக்கா தன் கையாலேயே சாத்தித் தாழ் போடுவார். அதற்குப் பிறகு மாடிக்குப் போனால் அது குற்றம். பக்கத்துக் கட்டடத்தில் ஆண்கள் தங்கியிருந்தார்கள் என்பது காரணம். தீப்பிடித்தால் ஓட வழி வேண்டும் என்று கம்பெனி சொல்லியிருந்ததால் பூட்டுப் போட முடியாது. இருந்தது அந்த ஒரு தாழ்ப்பாள்தான். கதவின் உள்பக்கம் உச்சியில், நிலைச்சட்டத்தில் இருக்கும் ஓட்டைக்குள் கம்பியை மேல்நோக்கித் தள்ள வேண்டும். தள்ளிய பிறகு குமிழைத் திருப்பி மாட்டும் பள்ளம் எப்போதோ உடைந்துபோயிருந்தது. ஆனாலும் கம்பி இறங்காது. அவ்வளவு துரு. அதை ஏற்றவும் இறக்கவும் ஒரு பூரிக்கட்டையை மாடிப்படியிலேயே வைத்திருந்தோம்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு விடுதியைத் துடைத்துக் கழுவினோம். ஓசூரில் ஆயுத பூஜை என்றால் லேத் மெஷின் முதல் ஸ்கூட்டி வரை எல்லாவற்றுக்கும் குளியலும் எண்ணெயும் பொட்டும்தான். அக்கா கம்பெனி மெக்கானிக்கிடமிருந்து ஓர் எண்ணெய்க் குப்பி வாங்கிவந்து, கேட், கீல், ஜன்னல் கொக்கி, தையல் மெஷின் என்று ஒன்று விடாமல் தானே விட்டார். மொட்டை மாடித் தாழ்ப்பாளுக்கும் விட்டார். துணியால் துரு போகத் துடைத்து, மறுபடியும் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்தார். அது வெண்ணெய் மாதிரி ஏறி இறங்கியது. பூரிக்கட்டை சமையலறைக்குத் திரும்பியது.

பூஜை முடிந்த சில நாட்களில் ஒரு விடிகாலை, அக்கா மாடிக்குப் போனபோது கதவு திறந்து கிடந்தது. அதற்கு அடுத்த நாளும். தாழ்ப்பாள் உள்பக்கம் இருப்பதால் திறந்தவள் உள்ளே இருப்பவள்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. யார் என்பது மட்டும்தான் பாக்கி. முதல் ஷிப்ட்டுக்குப் போகும் பெண்களில் யார் எல்லோருக்கும் முன்னால் எழுந்திருக்கிறாள் என்று விசாரித்தார். மேல்கட்டில்காரி. காட்டில் மாடு கறந்து பழகியவள், அலாரம் இல்லாமலே எழுந்து, வரிசை சேர்வதற்கு முன் குளித்துவிடுவாள். தலை ஈரமாக மாடிப்படி அருகில் நின்று துவட்டிக்கொண்டிருப்பாள். அக்காவுக்கு அது போதும்.

இருந்தாலும் கையும் களவுமாகப் பிடிக்க நினைத்தார். ஒரு சாயங்காலம் தாழ் போட்ட பிறகு கதவுக்கு முன்னால் கோலமாவைப் பரத்திவிட்டு வந்தார். காலையில் கதவு திறந்திருந்தது. மாவின் ஓரங்களைக் காற்று கொஞ்சம் கலைத்திருந்தது, நடுவில் ஒரு காலடிகூட இல்லை. பெண்கள் பேய் என்று கிசுகிசுத்தார்கள். அக்கா பேயை நம்புகிறவர் இல்லை, ஆட்களை நம்பாதவர். திறந்துவிட்டுத் திரும்பி வரும்போது புதிதாக மாவு தூவியிருக்கிறாள் என்றார். கோலமாவு டப்பா எந்த அறையில் இருக்கிறது என்று தேடினார். எங்கள் அறையில் இருந்தது, கோலம் போடுகிறவள் மேல்கட்டில்காரி. அன்றைக்கே அஞ்செட்டிக்குப் போன் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. பையை எடுத்துக் கட்டில்மேல் வைத்து, துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். மடித்த சுடிதாரையே பிரித்து மறுபடி மடித்தாள்.

எனக்கு இது அக்கா போடும் புதிர் மாதிரியே இருந்தது. உள்ளே தாழிட்ட கதவு, காலடி இல்லாத மாவு, திறந்து கிடக்கும் காலை. கை வைத்தவர் யார் என்று கேட்பதால்தான் விடை வரவில்லை, கையே இல்லை என்று வைத்துக்கொண்டால் என்ன? கம்பி மேலே ஏறி நிற்கிறது. அதைக் கீழே இழுக்க ஓர் ஆள் எப்போதும் இருக்கிறது, பூமி. இத்தனை வருடம் இழுத்தும் அது வரவில்லை என்றால், துரு பிடித்து வைத்திருந்தது. உராய்வு. அந்தத் துருவைத்தான் பூஜைக்குத் துடைத்துவிட்டோமே. அப்படியானால் போட்ட உடனே ஏன் விழவில்லை? ஏதோ ஒன்று விடிகாலையில் வந்து அதை உலுக்க வேண்டும். குளியலறைகளுக்குத் தண்ணீர் தள்ளும் பிரஷர் பம்ப், மொட்டை மாடியில் அந்தக் கதவை ஒட்டிய சுவரில்தான் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருந்தது. யாராவது குழாயைத் திறந்தால் தானாக ஓடும், ஓடினால் கதவுத் தகடு உறுமும். விடிகாலையில் முதல் குழாயைத் திறப்பவள் மேல்கட்டில்காரி. அவளுக்குப் பின்னால் முதல் ஷிப்ட் பெண்கள் அத்தனை பேரும். நாங்கள் குளிக்கக் குளிக்க, மேலே கம்பி நூல் நூலாக இறங்கியிருக்கிறது. முழுவதும் இறங்கியதும் கதவைக் காற்று தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. அக்கா சந்தேகப்பட்ட ஆள் ஒரு வகையில் சரிதான். அவள் கை தொட்டது தாழ்ப்பாளை அல்ல, இரண்டு மாடி கீழே இருந்த குழாயை.

அன்று அட்டெண்டன்ஸில் எழுந்து நின்று இதையெல்லாம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன், மறுக்கவில்லை. சொல்லி முடித்ததும் கைதட்டல் வரும் என்று என் உடம்பு எதிர்பார்த்தது. வரவில்லை. அப்போதுதான் அக்கா விடை தெரிந்தவளை முதலில் விசாரிக்க வேண்டும் என்ற அந்த வார்த்தையைச் சொன்னார். கையே வைக்காமல் கதவைத் திறக்க முடியும் என்று இந்த விடுதியில் தெரிந்தவள் ஒருத்திதான். அவளும் அதே அறை, கோலமாவு டப்பாவும் அதே அறை. “கூலிக்காரங்க வூட்டுப் பொண்ணு, எங்கிருந்து வந்துது இவ்ளோ மூளை? எவன் சொல்லிக் குடுத்தான்?” என்றார். அவர் சொன்னதில் எனக்கு வலித்தது கடைசி வாக்கியம்தான். முதல் வாக்கியத்தை நான் ஊரிலேயே பலமுறை கேட்டிருக்கிறேன்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா முன்னால் அக்காவே தாழ் போடட்டும், அக்காவே பார்க்கட்டும், நான் எங்கே நிற்க வேண்டும் என்றும் அக்காவே சொல்லட்டும். அக்கா யோசித்துவிட்டு, “நீ கேட்டுக்கு வெளிய நிக்கணும். செக்யூரிட்டி பக்கத்துல. கை ரெண்டும் வெளிய தெரியணும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா தேன்கனிக்கோட்டையில் பஸ் மாறி வந்து சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. வெள்ளைத் துண்டு, வெடித்த பாதம், யார் முகத்தையும் பார்க்காத கண்கள். மகளை வா என்றுகூடச் சொல்லவில்லை, பை எங்கே என்றுதான் கேட்டார். ஐந்து நிமிடம் மாடிக்கு வாங்க என்று அக்கா அவரைக் கூட்டிப் போனார். நான் கேட்டுக்கு வெளியே, செக்யூரிட்டி நாற்காலிக்குப் பக்கத்தில், கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றேன். தெருவில் போகிறவர்கள் நான் எதையோ திருடி மாட்டிக்கொண்டவள் என்று நினைத்திருப்பார்கள். உள்ளே பெண்கள் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டார்கள். பம்ப் ஓடும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. ஓடியது, ஓடியது, டேங்க் பாதி காலியாகும் வரை ஓடியது. தாழ்ப்பாள் அசையவில்லை.

அக்கா இறங்கி வந்தபோது அவர் முகத்தில் வெற்றி இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நான் சொன்னது உண்மையாக இருக்கட்டும் என்று அவரும் கொஞ்சம் விரும்பியிருக்கிறார் போல. மேல்கட்டில்காரியின் அப்பா பையைக் கையில் எடுத்துவிட்டார். நான் வெயிலில் நின்றுகொண்டு, என் தலை சுடுகிறது என்று நினைத்தேன். தலை சுடுகிறது என்றால் மாடிக் கதவு எப்படிச் சுடும்? அந்தக் கதவு மத்தியானத்தில் எப்போதும் பிடித்துக்கொள்ளும். காய்ந்த துணி எடுக்கப் போகிறவள் தோளால் முட்டித்தான் திறக்க வேண்டும். வெயில் படும் வெளிப்பக்கம் விரிந்து, தகடு வளைந்து, உச்சியில் இருக்கும் கம்பியை ஓட்டையின் ஓரத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கிறது. விடிகாலைக் குளிரில் அது நேராக இருக்கும், கம்பி ஓட்டைக்குள் தளர்வாக நிற்கும். மாட்டிக்கொண்ட டம்ளர்கள்தான் மறுபடியும். கதவின் வெளிப்பக்கத்தில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி ஆறவிடுங்கள், பிறகு தாழ் போடுங்கள் என்று கேட்டிலிருந்து சொன்னேன்.

“மொதல்ல எண்ணெய்ன்னே. இப்போ தண்ணிங்கறே. அடுத்து என்னா, எலுமிச்சம்பழமா?” என்றார் அக்கா. சமையல் அக்கா சிரித்துவிட்டார். மேல்கட்டில்காரியின் அப்பா சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, “ஊத்திப் பாருங்கம்மா. அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருக்குது” என்றார்.

பெண்கள் சங்கிலியாக நின்று தரைக்கடியில் இருந்த சம்ப்புத் தொட்டியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீரை மேலே கடத்தினார்கள். கதவு சீறிய சத்தம் கீழே கேட்டதாக எனக்கு நினைவு. அது என் கற்பனையாகவும் இருக்கலாம். மேலே அவர்கள் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள். மறுபடி குழாய்கள் திறந்தன, மறுபடி பம்ப். செக்யூரிட்டி ஐயா என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு இரும்பு இரும்பில் மோதும் ஒரு சின்னச் சத்தம். அதன் பின்னால், காற்று தள்ளிய கதவு மாடிச் சுவரில் போய் இடித்த பெரிய சத்தம். பம்ப் நின்றது.

முதலில் இறங்கி வந்தவர் அவள் அப்பா. கேட்டுக்கு வந்து முதன்முறையாக ஒரு முகத்தைப் பார்த்தார், என் முகத்தை. “எங்க கொட்டாயில மாடு கொம்பால தள்ளி அடைப்பைத் தொறந்துக்கும். அதுக்கு மாட்டை அடிச்சிருக்கறேன். கொம்பே இல்லாம தொறக்கறதை இன்னிக்குத்தான் பாக்கறேன்” என்றார். பிறகு மகளிடம் பையை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். தவறு நடந்தது என்றோ மன்னித்துக்கொள் என்றோ யாரும் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் அது வழக்கமில்லை.

அன்று சாயங்காலம் அக்கா எப்போதும்போல் அட்டெண்டன்ஸ் எடுத்தார், போன்களை வாளியில் போடச் சொன்னார். புதிர் இதுதான்: “கதவைத் தொறந்தது யாரு?” பம்ப் என்றாள் ஒருத்தி. காற்று என்றாள் இன்னொருத்தி. எண்ணெய் விட்டவங்க என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அக்கா, “ஆமா, நான்தான்” என்றார். மேல்கட்டில்காரி எழுந்து நின்று, “நான்தாங்கக்கா. மொதல்ல குளிச்சது நானு” என்றாள். ஹாலே சிரித்தது. அக்காவும் சிரித்தார். அவர் பற்களை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் என்னைத் தரைத்தளத்தில் தன் அறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினார். பரிசு என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்குத் தெரியும், அது கண்காணிப்பு. புதுத் தாழ்ப்பாள் போட்டார்கள். பழையதை என் கட்டில்மேல் வைத்து, “இது இங்க இருந்தா எனக்குத் தூக்கம் வராது. நீயே வச்சிக்கோ” என்றார். அதையும் அவர் பாராட்டாகச் சொன்னாரா, சாட்சியை என்னிடம் ஒப்படைத்தாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். சில மாதங்களில் அவர் எல்லை தாண்டி கர்நாடகப் பக்கம் வேறொரு விடுதிக்கு வார்டனாகப் போய்விட்டார்.

அவர் போன பிறகு ஒருநாள் பம்ப் மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்து, புதுக் கம்பி சுற்றக் கழற்றிக்கொண்டு போனார்கள். சம்ப்பிலிருந்து வாளியில் தண்ணீர் தூக்கிக் குளித்தோம். வாளியின் பிடி உள்ளங்கையில் அழுந்தியபோது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அந்த ஆயுத பூஜைக்குப் பிந்திய நாட்களிலும் ஒருமுறை இதேபோல் பம்ப் ரிப்பேருக்குப் போயிருந்தது. முந்தின நாள் மத்தியானமே கழற்றிவிட்டார்கள், காலையில் வாளி தூக்கினோம். அந்தக் காலையிலும் கதவு திறந்திருந்தது. மாவு பரத்துவதற்கு முந்தைய நாள்.

வாளியை அப்படியே வைத்துவிட்டு நின்றேன். பம்ப் இல்லை என்றால் உலுக்கல் இல்லை. உலுக்கல் இல்லாமலும் எண்ணெய் மட்டுமே அதை இறக்கியிருக்கலாம், ஒரு லாரி போன அதிர்வு போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் தெருவுக்குள் லாரி வராது என்பதும் எனக்குத் தெரியும். அப்போது மேல்கட்டில்காரி சிரித்துக்கொண்டே எழுந்து நின்று நான்தாங்கக்கா என்று சொன்னது காதில் கேட்டது. அவளிடம் போய்க் கேட்டுவிடலாம் என்று படியேறினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். “என்னாடி?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன். யார் என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது, வார்டன் அக்காவின் குரலிலேயே. அவள் விடிகிற நேரத்தில் காடு இருக்கும் திசையைப் பார்க்க ஒருநாள் மாடிக்குப் போயிருந்தால்தான் என்ன? யாரிடமாவது பேசப் போயிருந்தால்தான் என்ன? நான் எண்ணெயையும் துருவையும் வெயிலையும் சாட்சிக்கு இழுத்து அவளைக் காப்பாற்றினேன். மாடிக்குப் போவது ஏன் குற்றம் என்ற ஒரு கேள்வியை மட்டும், அத்தனை புதிர்களுக்கு விடை சொன்ன நான், ஒருநாளும் எழுந்து நின்று கேட்டதில்லை.

போன வாரம் நாங்கள் இருவரும் விடுதியைக் காலி செய்தோம். மூக்கண்டப்பள்ளியிலேயே மாடியில் ஒரு போர்ஷன் பிடித்திருக்கிறோம், ஓர் அறையும் சமையலறையும். சமையலறையிலிருந்து நேராக மொட்டை மாடிக்கு ஒரு கதவு. இரண்டு பெண்கள் தனியாகவா என்று வீட்டுக்கார அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. கதவில் தாழ்ப்பாள் இல்லை. நேற்று பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் டிரில்லிங் மெஷினைக் கேட்டு வாங்கி, என்னிடம் இருந்த பழைய தாழ்ப்பாளை நானே பொருத்தினேன். இந்த முறை நிமிர்த்தி வைக்கவில்லை, படுக்க வைத்தேன். இப்படி வைத்தால் பூமி இழுத்தாலும் கம்பி நகராது, எண்ணெய் விட்டாலும் நகராது. மேல்கட்டில்காரி திருகாணிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, இரண்டுமுறை அதைத் தள்ளித் திறந்து பார்த்தாள்.

இனி ஒரு காலையில் அந்தக் கதவு திறந்திருந்தால், யாரோ கையால் திறந்ததாகத்தான் இருக்கும். யார் என்று நான் கேட்கப்போவதில்லை.